கணக்கில் வராத குழி

சிந்தாதிரிப்பேட்டையில் நிகழ்த்திய நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



பண்டிதர் அயோத்திதாசரை நினைத்துக் கூடியிருக்கிறோம். இந்தக் கூட்டத்தில் குடிநீர் வாரியத்தின் வரவு செலவைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் சிலர் எங்களிடம் கேட்டார்கள்: பௌத்தம் இல்லையா, இலக்கியம் இல்லையா, கணக்குப் பாடமா? ஆமாம், கணக்குப் பாடம்தான். 1907இல் இராயப்பேட்டையிலிருந்து பத்திரிகை தொடங்கியபோது அதற்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று விலையையே பெயராக வைத்தவர் பண்டிதர். யாரால் எவ்வளவு கொடுக்க முடியும் என்று தெரிந்து வைத்த பெயர் அது. கணக்கைப் பற்றி அவர் நினைவில் பேசுவது ஒன்றும் அந்நியமான வேலை இல்லை.

பண்டிதர் மறைந்தது 1914 மே மாதம். அதே 1914இல்தான் கீழ்ப்பாக்கம் நீர் சுத்திகரிப்பு நிலையம் செயல்பாட்டுக்கு வந்தது. செங்குன்றம் ஏரித் தண்ணீரை மணல் படுகையில் வடிகட்டி ஊருக்கு அனுப்பிய அந்தப் பொறியாளர் மேட்லியின் பெயர் தி. நகரில் சாலைக்கும் சுரங்கப்பாதைக்கும் இருக்கிறது. சாக்கடைக் குழாய்களுக்குள் இறங்கி அடைப்பெடுத்தவர்களில் ஒருவர் பெயர்கூட இந்த ஊரில் எந்தச் சந்துக்கும் இல்லை.

நாம் உட்கார்ந்திருக்கும் இடத்தையும் கொஞ்சம் பாருங்கள். 1734இல் நெசவாளர்களைக் குடியேற்றி கம்பெனி உண்டாக்கிய பேட்டை இது. சின்னத் தறிப் பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை ஆனது என்பார்கள். ஒரு பக்கம் கூவம். இன்னொரு பக்கம் மே தினப் பூங்கா. நடுவில் பம்பிங் ஸ்டேஷன் ரோடு, அதில் முதல் எண்ணில் சென்னைக் குடிநீர் வாரியத்தின் தலைமை அலுவலகம். கோடிக்கணக்கான லிட்டர் தண்ணீருக்கும் அதே அளவு கழிவுநீருக்கும் கணக்கு எழுதும் கட்டடம். உழைப்பாளர் நினைவுச் சின்னம் இருக்கும் பூங்காவும் அந்தக் கட்டடமும் ஒரே பேட்டையில் இருக்கின்றன. அங்கே எழுதப்படும் கணக்குக்குள் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதுதான் இன்று நம் பேச்சு.

அதற்கு முன் ஒரு சங்கடத்தைத் தீர்த்துக்கொள்வோம். நிதிக் கணக்கு என்றாலே அது உலக வங்கிக்காரர்கள் பேச்சு, தனியார்மயப் பேச்சு, நமக்கெதற்கு என்று நம் இயக்கங்களில் ஒரு பழக்கம் இருக்கிறது. பாபாசாகேப் அப்படி நினைக்கவில்லை. அவர் முதலில் பொதுநிதியைப் படித்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் நிதி நிர்வாகம், ரூபாயின் சிக்கல், மாகாண நிதியின் வளர்ச்சி, இவைதாம் அவருடைய தொடக்ககால ஆய்வுகள். ரூபாயைப் பற்றிய நூல் 1923இல், மாகாண நிதி நூல் 1925இல். அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து, 1927 மார்ச் 20 அன்று, மகாடில் சவதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளினார். நகராட்சி வரவு செலவைப் படிக்கத் தெரிந்தவர்தான் நகராட்சிக் குளத்தில் இறங்கினார். அந்தக் குளம் எல்லாருக்கும் பொது என்று மகாட் நகராட்சி 1924இலேயே தீர்மானம் போட்டிருந்தது. ஏட்டில் பொது, கரையில் இல்லை. ஏட்டுக்கும் கரைக்கும் நடுவில் இருக்கும் அந்தத் தூரத்தை அளப்பதுதான் நம் வேலையும்.

சென்னைக் குடிநீர் வாரியம் 1978இல் தனிச் சட்டத்தால் உண்டானது. அதுவரை தண்ணீரும் சாக்கடையும் மாநகராட்சியின் கையில் இருந்தன. வாரியம் தனியாக வசூலிக்கும், தனியாகச் செலவழிக்கும், தன் காலில் நிற்கும் என்பது ஏற்பாடு. தன் காலில் நிற்கிறதா என்று பார்க்க ஓர் அளவுகோல் வேண்டுமல்லவா? உலகம் முழுக்கத் தண்ணீர் நிறுவனங்களுக்குப் பயன்படும் அளவுகோல்களில் முதன்மையானது இயக்க விகிதம். கேட்கப் பெரிய சொல், உள்ளே இருப்பது எளிய வகுத்தல். ஓர் ஆண்டில் தண்ணீரைக் கொண்டுவரவும் கழிவுநீரை வெளியேற்றவும் ஆன நடைமுறைச் செலவை, அந்த ஆண்டின் வருவாயால் வகுக்க வேண்டும். விடை ஒன்றுக்குக் கீழே இருந்தால் நிறுவனம் பிழைத்தது. மேலே போனால் கையைக் கடிக்கிறது. கட்டுமானத்துக்கு வாங்கிய கடன், அதன் வட்டி, பழசாகும் குழாய்களின் தேய்மானம் இவை பொதுவாக இந்த வகுத்தலுக்குள் வருவதில்லை. இதையும் மனதில் வையுங்கள்.

2007இல் ஆசிய வளர்ச்சி வங்கியும் ஒன்றிய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகமும் சேர்ந்து இந்தியாவின் 20 நகரங்களை ஒப்பிட்டு ஒரு தரவு நூல் வெளியிட்டன. இந்தூர் ஒரு ரூபாய் வருவாய்க்கு ஐந்து ரூபாய்க்கு மேல் செலவழித்தது. கொல்கத்தாவும் நாலு ரூபாயைத் தாண்டியது. சென்னையின் எண் 0.44. ஒரு ரூபாய் வந்தால் 44 காசுதான் செலவு. பட்டியலின் நல்ல பக்கத்தில் நம் வாரியம்.

பெருமைப்படலாமா? அதே நூலில், 20 நகரங்களில் ஒன்றில்கூட நாள் முழுதும் குழாயில் தண்ணீர் வரவில்லை. சென்னையில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவான இணைப்புகளில்தான் மீட்டர் இருந்தது. மீட்டர் இல்லாத ஊரில் எவ்வளவு தண்ணீர் விற்றோம், எவ்வளவு வழியில் ஒழுகியது என்பதெல்லாம் மதிப்பீடுதான். எடைபோடாமல் வியாபாரம் செய்துவிட்டு லாபத்தை மட்டும் காசு சுத்தமாகச் சொல்வது போன்றது இது.

0.44 எப்படி வந்தது என்று நாங்கள் யோசித்துப் பார்த்தோம். வாரியத்தின் வருவாயில் ஒரு முக்கியப் பகுதி வரி. வீட்டின் ஆண்டு மதிப்பில் 7 விழுக்காடு குடிநீர், கழிவுநீர் வரி. மதிப்பு கட்டடத்துக்கு. குழாயில் எவ்வளவு வந்தது என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. மீட்டர் இல்லாத வீட்டுக்குக் கட்டணமும் மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. ஆக, தண்ணீர் குறைவாக வந்தாலும் பில் குறையாது. ஆனால் குறைவாகத் தண்ணீர் ஓடினால் மின்சாரம், மருந்து, பம்ப் செலவு குறையும். குறைவாகத் தண்ணீர் கொடுக்கும் நிறுவனம் கணக்கில் திறமையான நிறுவனமாகத் தெரிய வழி இருக்கிறது. 2003-04 வறட்சியில் குழாய் விநியோகம் மாதக்கணக்கில் நின்றதை இங்குள்ள பெரியவர்கள் பார்த்திருக்கிறீர்கள். லாரிக்கு ஆன செலவு கணக்கில் ஏறியிருக்கும். லாரிக்காக விடியற்காலை மூன்று மணிக்குக் குடங்களை வரிசையில் போட்டுவிட்டுக் காத்திருந்த பெண்களின் நேரம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. வேலைக்குப் போகாததால் போன கூலியும் ஏறவில்லை. அது வாரியத்தின் செலவில்லை, குடத்துக்காரியின் செலவு.

2019இல் ஏரிகள் வறண்டு, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்தபோது தொலைக்காட்சிகள் அதை வரவேற்றன. அதே ஆண்டு டிசம்பரில் கூவம் கரையில் சத்தியவாணி முத்து நகரிலிருந்து குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு ஏற்றினார்கள். தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் கண்ட அம்மையார் பெயரில் இருந்த குடியிருப்பு அது. நதியைச் சுத்தம் செய்ய என்று காரணம் சொன்னார்கள். கூவத்தில் ஓடுவது கரையிலிருந்த குடிசைகளின் கழிவு மட்டுமா? ஊர் முழுவதிலிருந்தும் சுத்திகரிக்காமல் மழைநீர் வடிகால் வழியாக நதிக்குள் விடும் கழிவுநீருக்கு வாரியக் கணக்கில் செலவு பூஜ்யம். சுத்திகரித்தால்தான் செலவு. விட்டுவிட்டால் நதி ஏற்றுக்கொள்ளும், பிறகு நதிக்கரையில் இருப்பவர் வீட்டைக் காலி செய்து அந்தச் செலவைக் கட்டுவார்.

இப்போது குழிக்கு வருகிறோம்.

2008இல் ஒன்றிய அரசு நகர்ப்புறச் சேவைகளுக்கான தர அளவீட்டுக் கையேடு ஒன்றைக் கொண்டுவந்தது. குடிநீர், கழிவுநீர், குப்பை, மழைநீர் வடிகால் எல்லாவற்றுக்கும் சேர்த்து 28 குறியீடுகள். மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். மோசமான ஆவணம் இல்லை. ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், 24 மணி நேர விநியோகம், கணக்கில் வராத நீர் 20 விழுக்காட்டுக்குள், செலவு மீட்பு 100 விழுக்காடு, பில் வசூல் 90 விழுக்காடு என்று இலக்குகள் இருக்கின்றன. கழிவுநீருக்கு மட்டும் ஒன்பது குறியீடுகள். குழாய் எத்தனை வீட்டுக்குப் போகிறது, எவ்வளவு சேகரிக்கிறீர்கள், எவ்வளவு சுத்திகரிக்கிறீர்கள், எவ்வளவு மறுபயன்பாடு, புகார்களில் எத்தனை விழுக்காடு தீர்த்தீர்கள் எல்லாம் கேட்கிறது. இந்த ஆண்டு உங்கள் குழாய்க்குள் எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்கவில்லை. ஒன்பதில் ஒன்றாகக்கூட.

புகார் தீர்க்கும் குறியீட்டை இன்னொரு முறை பாருங்கள். அடைப்பு என்று புகார் வருகிறது. சீக்கிரம் தீர்த்தால் மதிப்பெண். இயந்திரம் வேறு தெருவில் இருக்கிறது, சந்துக்குள் நுழையாது. ஒப்பந்தக்காரர் இரண்டு ஆளை அனுப்புகிறார். ஒருவர் மூடியைத் திறந்து இறங்குகிறார். புகார் தீர்ந்தது என்று பதிவாகிவிடும். அவர் மேலே வந்தாரா என்பது அந்தப் பதிவேட்டில் வேறு கட்டம்கூட இல்லை.

இறந்தால் என்ன செலவு? 2014 மார்ச் 27 அன்று சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் வழக்கில் உச்ச நீதிமன்றம், 1993 முதல் குழியில் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் என்றது. 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீட்டை வாங்க அந்தக் குடும்பங்கள் நடக்கும் நடையை இங்குள்ள பலர் அறிவீர்கள், அதற்குள் போகவில்லை. கணக்காக மட்டும் பார்ப்போம். ஒரு வாரியத்தின் ஆண்டுச் செலவு ஆயிரம் கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 லட்சம் என்பது அதில் பத்தாயிரத்தில் மூன்று பங்கு. விகிதம் 0.44 என்றால் ஒருவர் செத்த பிறகும் அது 0.44தான். இரண்டு பேர், மூன்று பேர், ஐந்து பேர் செத்தாலும் 0.44தான். இரண்டு தசம இடத்துக்கு எழுதும் கணக்கில் நம் ஆள் நாலாவது இடத்தில் கிடக்கிறார். முழுமையாக்கும்போது காணாமல் போகிறார். அதுவும் வாரியம் கொடுத்தால்தான். ஒப்பந்தக்காரர் தலையில் விழுந்தால் அந்த மூன்று பங்குகூட வாரியத்தின் ஏட்டுக்கு வராது.

அடுத்த அளவுகோல் இதைவிட விஷமானது. ஆயிரம் இணைப்புக்கு எத்தனை ஊழியர் என்று ஓர் எண் உண்டு. உலக வங்கி தொடங்கிவைத்த சர்வதேசத் தண்ணீர் நிறுவன ஒப்பீட்டிலும் இருக்கிறது, இந்திய நூல்களிலும் இருக்கிறது. எண் குறையக் குறையத் திறமை என்று பொருள். நிரந்தரத் தொழிலாளி ஓய்வு பெற்றதும் அந்த இடத்தை நிரப்பாமல் விட்டு, அதே வேலையை ஒப்பந்தத்தில் கொடுத்தால் இந்த எண் அழகாகக் குறையும். வேலை குறையவில்லை, அடைப்பு குறையவில்லை, இறங்கும் ஆளும் குறையவில்லை. அவர் ஊழியர் என்ற தலைப்பிலிருந்து பராமரிப்புச் செலவு என்ற தலைப்புக்கு மாறிவிட்டார். மோட்டார் ரிப்பேரும் கிரீஸும் இருக்கும் தலைப்பு அது. ஒப்பந்தச் செலவு எத்தனை விழுக்காடு என்று பார்க்கும் குறியீடும் அந்த ஒப்பீட்டில் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அது பணத்தை எண்ணும், தலையை எண்ணாது.

அந்தத் தலைகள் யாருடையவை என்பதற்கு இப்போது அரசின் கணக்கே இருக்கிறது. ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டத்தில் நகரங்களில் சாக்கடை, மலக்குழி வேலை செய்வோரைக் கணக்கெடுத்தார்கள். 2024இல் வெளிவந்த விவரப்படி, அதுவரை சரிபார்த்த சுமார் 38,000 பேரில் 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். பழங்குடியினரையும் பிற்படுத்தப்பட்டோரையும் சேர்த்தால் 92 விழுக்காடு. சாதியை ஒழித்துவிட்டோம் என்பவர்கள் இந்த எண்ணுக்கு என்ன குறியீடு வைத்திருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் செலவு குறைவாக இருப்பதற்குக் காரணம், சில சாதிகளின் உழைப்பு மலிவாகவும் உயிர் அதைவிட மலிவாகவும் கிடைப்பதுதான் என்றால், அதற்குத் திறமை என்று பெயரா? அதற்கு மானியம் என்று பெயர். அரசு நகரத்துக்குக் கொடுக்கும் மானியத்தைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதுகின்றன. சேரி நகரத்துக்குக் கொடுக்கும் இந்த மானியத்தை எந்த தணிக்கையாளரும் குறிப்பில் எழுதியதில்லை.

இதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்: வாரியம் எதுவும் செய்யவில்லை என்பது உண்மையல்ல. ஜெட் ராடிங் வண்டிகள், தூர்வாரும் இயந்திரங்கள் வாங்கியிருக்கிறார்கள். அண்மையில் தலித் தொழில் வர்த்தக சபையோடு சேர்ந்து, தூய்மைப் பணியாளர்களும் அவர்கள் குடும்பத்தினருமாக 213 பேரை வண்டி உரிமையாளர்களாக்கி, ஏழு ஆண்டுக்கு அவர்களுக்கே ஒப்பந்தம் கொடுத்திருக்கிறது வாரியம். குழிக்குள் இறங்கிய குடும்பம் வண்டிக்கு முதலாளி ஆவதை நாங்கள் கிண்டல் செய்ய மாட்டோம். கேள்விகள் உண்டு: கடன் தவணை யார் தலையில், வண்டியில் வேலை செய்யும் ஆளுக்கு என்ன கூலி, ஏழாண்டுக்குப் பிறகு என்ன? ஆனால் இன்றைய பேச்சுக்கு முக்கியமானது வேறொன்று. இந்த ஏற்பாட்டால் வாரியத்தின் நடைமுறைச் செலவு கூடும். கூடினால் இயக்க விகிதம் மோசமாகும். ஆளை இறக்கினால் எண் நல்லது, வண்டியை இறக்கினால் எண் கெட்டது. நல்ல அதிகாரி ஒருவர் வந்து சரியானதைச் செய்தால் அவருக்கு மதிப்பெண் குறையும்படி அளவுகோலைச் செய்து வைத்திருக்கிறோம்.

இது ஏதோ ஏட்டுச் சண்டை என்று நினைக்காதீர்கள். நெருக்கடி வரப்போகிறது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை மீஞ்சூரில் 2010இல் வந்தது, நாளுக்கு 10 கோடி லிட்டர், தனியார் ஆலை, 25 ஆண்டு ஒப்பந்தம். தொடக்கத்தில் ஆயிரம் லிட்டர் சுமார் 48 ரூபாய்க்கு வாரியம் வாங்கியது. 2013இல் நெம்மேலி. 2024இல் அங்கேயே 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று. பேரூரில் 40 கோடி லிட்டருக்கு ஜப்பான் கடனில் ஒன்று. ஏரித் தண்ணீரைவிடப் பல மடங்கு விலையுள்ள தண்ணீர் இது. 0.44 காலம் போய்விட்டது. செலவு ஏறும்போது விகிதத்தைக் காப்பாற்ற இரண்டு கதவுகள்தாம்: கட்டணத்தைக் கூட்டு, அல்லது ஆள் செலவைக் குறை. முதல் கதவைத் திறந்தால் அடையாறும் அண்ணா நகரும் பேசும். இரண்டாவதைத் திறந்தால் யார் பேசுவார்கள்?

நிதி ஒழுங்கே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கம்போடியாவில் புனோம் பென் நகரத்தின் அரசுத் தண்ணீர் நிறுவனம் 1993இல் தன் தண்ணீரில் 72 விழுக்காட்டை இழந்துகொண்டிருந்தது. அதை ஆறு விழுக்காட்டளவுக்குக் கொண்டுவந்தார்கள். எல்லா இணைப்புக்கும் மீட்டர் வைத்தார்கள், கட்டாத பெரிய மனிதர்களிடம் வசூலித்தார்கள், ஏழைகளுக்கு இணைப்புக் கட்டணத்தில் சலுகை கொடுத்தார்கள். அரசு நிறுவனமாகவே இருந்து செய்தார்கள். கணக்கு சரியாக இருந்ததால் ஏழை வீட்டுக்குக் குழாய் போனது. மறுபக்கம் லண்டனின் தேம்ஸ் வாட்டர். 1989இல் கடனில்லாமல் தனியாருக்குப் போனது. பங்குதாரர்கள் வாங்கிச் சாப்பிட்ட பிறகு 1,500 கோடி பவுண்டுக்கு மேல் கடனோடும் நதியில் விட்ட சாக்கடையோடும் நிற்கிறது. பல ஆண்டுகள் அதன் எண்களும் அழகாகத்தான் இருந்தன.

ஆகவே எண்ணை மாற்ற வேண்டும். வாரியத்தின் ஆண்டறிக்கையில் நாங்கள் பார்க்க விரும்புவது அதிகமில்லை. ஆயிரம் இணைப்புக்கு எத்தனை பேர் என்னும் கணக்கில் ஒப்பந்தத் தொழிலாளர்களையும் எண்ண வேண்டும். இந்த ஆண்டு குழாயிலும் உந்து நிலையத்திலும் நேர்ந்த மரணம் எத்தனை, கொடுத்த இழப்பீடு எவ்வளவு, யார் கொடுத்தது என்று முதல் பக்கத்தில், இயக்க விகிதத்துக்குப் பக்கத்தில் அச்சிட வேண்டும். ஓர் உயிர் போனாலும் அந்த ஆண்டு செயல்திறன் மதிப்பெண் பூஜ்யம் என்று விதி வேண்டும். தசமத்துக்குள் ஒளிய இடம் கொடுக்காத விதி இது ஒன்றுதான். வருவாயும் செலவும் தண்ணீர் வரும் நேரமும் ஊர் மொத்தமாக இல்லாமல் பகுதிவாரியாக, பணிமனைவாரியாக வேண்டும். சராசரி என்பது போட் கிளப்பையும் கண்ணகி நகரையும் கூட்டி இரண்டால் வகுப்பது.

2013 சட்டப்படி சாக்கடைக்குள் அபாயகரமான முறையில் ஆளை இறக்கினால் முதல் முறையே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். 2025 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் கையால் சாக்கடை சுத்தம் செய்வதற்குத் தடை விதித்தது. சட்டமும் இருக்கிறது, தீர்ப்பும் இருக்கிறது. மகாட் நகராட்சியிடமும் தீர்மானம் இருந்தது.

மாணவர்களுக்குச் செய்யக்கூடிய ஒரு வேலை சொல்கிறோம். தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய், பதிலுக்கு 30 நாள். மூன்றே கேள்விகள் போதும்: உங்கள் பகுதியில் கழிவுநீர்ப் பணியில் நிரந்தரம் எத்தனை பேர், ஒப்பந்தம் எத்தனை பேர், ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்த தொகையில் கூலிக்குப் போனது எவ்வளவு, கடந்த பத்து ஆண்டில் இறந்தவர்கள் எத்தனை, இழப்பீடு எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதப்பட்டது. மூன்றாவது கேள்வியின் கடைசிப் பகுதியை விட்டுவிடாதீர்கள், நமக்கு வேண்டியது அந்தத் தலைப்பின் பெயர். வாரியத்தின் ஒவ்வொரு பகுதி அலுவலகத்திலும் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. அங்கே பில் தகராறும் குழாய் அடைப்பும் பேசுகிறார்கள். பதில் கையில் கிடைத்த பிறகு வரும் இரண்டாவது சனிக்கிழமை, அந்தத் தாளோடு, வேலை செய்யும் தோழர்களையும் அழைத்துக்கொண்டு போவோம். விண்ணப்பப் படிவங்கள் வாசலில் மேசைமேல் இருக்கின்றன. போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.